என் முதல் காரும் ஒரு சின்னக் கொப்பியும்

(சபையின் ஆண்டு விழா மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம், "சபையின்ரை ஆரம்ப நாட்களைப் பற்றி ஏதாவது சொல்லுங்கோ அண்ணை" என்று கேட்டார்கள். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். பாடகர் குழுவைத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு பாடசாலையை நடத்தியவர்கள் இருக்கிறார்கள். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். நான் கார் ஓடினேன். ஆகவே என் முதல் காரைப் பற்றியே பேசப்போகிறேன். அந்தக் காரில் ஏறிய சிலர் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி தெரியும். மற்றப் பாதி மூன்று குடும்பங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

1994 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அந்தக் காரை வாங்கினேன். வாங்கும்போதே அதற்கு ஒன்பது வயது. ஒரு இலட்சத்து அறுபதாயிரம் கிலோமீற்றர் ஓடி முடித்திருந்தது. விலை 1,400 டொலர். இரவு வேலை செய்து சேர்த்த காசு. அதற்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அம்மாவிடமிருந்து பதில் வர இரண்டு மாதம் சென்றது. "கார் வடிவாய் இருக்கு. பெற்றோலுக்கு என்ன செய்கிறாய்?" என்று எழுதியிருந்தா.

பிள்ளைகளுக்கு இது விளங்காது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. பொருளாதாரத் தடை. காரும் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. எஞ்சினைத் தொடக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விடுவார்கள். ஓடிய கார்களும் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய ஆங்கிலேயக் கார்கள். அவற்றில் பல என்னைவிட வயதில் மூத்தவை. ஆகவே பழைய கார் என்றால் எங்களுக்கு வெட்கம் இல்லை. முப்பது, நாற்பது வயதுக் கார் மண்ணெண்ணெயில் ஓடுமென்றால், ஒன்பது வயதுக் கார் பெற்றோலில் ஏன் ஓடாது என்று நினைத்தேன். அந்தக் கணக்கில் நான் ஒன்றை விட்டுவிட்டேன். அது என்னவென்று பிறகு சொல்கிறேன்.

அப்போது நம் சபை ஒரு வாடகை மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் கூடியது. ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் பஸ் அடிக்கடி வராது. பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரில், சேலைக்கு மேலே கோட்டுப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பில் நின்ற அம்மாமாரை நினைத்துப் பாருங்கள். கார் வைத்திருந்தது ஐந்தாறு குடும்பங்கள்தான். எல்லாமே பழைய கார்கள். யார் யாரை ஏற்றுவது என்று சனிக்கிழமை இரவு தொலைபேசியில் பேசி முடிவெடுப்போம். என் கார் சில ஞாயிறுகளில் மூன்று தடவை போய் வரும்.

அந்தக் காரின் குறைகளைச் சொன்னால் இரவுச் சாப்பாடு ஆறிவிடும். சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சூடாக்கி காலுக்கு மட்டும்தான் சூடு தரும். முகத்துக்குக் குளிர்காற்று. சாரதிப் பக்கத்துக் கண்ணாடி ஒருமுறை இறக்கினால் ஏறாது. பின்பக்க வலது கதவு உள்ளே இருந்து திறபடாது. வெளியே இருந்துதான் திறக்கலாம். ஆகவே மண்டப வாசலில் காரை நிறுத்தியதும் நான் இறங்கி ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுவேன். பின்னால் இருந்து இறங்கும் ஒரு பாட்டி ஒவ்வொரு முறையும், "இந்தத் தம்பிக்கு எவ்வளவு மரியாதை! வளர்த்த தாய் வாழ்க!" என்று சொல்லுவா. இரண்டு வருடம் அந்தப் புகழை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன். பாட்டி இப்போது இல்லை. கதவு பழுது என்று அவவுக்குக் கடைசிவரை தெரியாது.

குளிர்காலக் காலைகள் வேறு கதை. கடும் குளிரில் பற்றரியின் பலம் பாதியாகக் குறைந்துவிடும். அதே நேரம் ஒயில் தேன்போலத் தடித்துவிடுவதால் எஞ்சினைச் சுழற்ற வழமையைவிடக் கூடுதல் பலம் வேண்டும். வரவு பாதி, செலவு இரட்டிப்பு. எங்கள் வீட்டு வரவுசெலவு மாதிரித்தான். அயலில் இருந்த இத்தாலியக் கிழவர் ஒருவர் தன் காரிலிருந்து வயர் கொழுவி என் காரை உயிர்ப்பிப்பார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கும் கொஞ்சம். எங்கள் நட்பு முழுவதும் அந்தச் சிவப்பு வயரிலும் கறுப்பு வயரிலும்தான் ஓடியது.

இவையெல்லாம் சிரிக்கக்கூடிய பழுதுகள். இனிச் சொல்லப்போவது சிரிக்க முடியாதது.

பிள்ளைகளே, உங்களிடம் ஒரு கேள்வி. குளிர்காலத்தில் தெருவுக்கு ஏன் உப்புப் போடுகிறார்கள்? சரியாகச் சொன்னீர்கள். உப்புத் தண்ணீர் பூச்சியம் பாகையில் உறையாது. அதனால் பனிக்கட்டி கரைந்து தெரு வழுக்காமல் இருக்கிறது. இந்த நாட்டில் ஒரு வருடத்தில் தெருக்களில் போடும் உப்பு ஏறக்குறைய 50 இலட்சம் தொன் என்று கனடிய அரசின் மதிப்பீடு ஒன்று 2001 இல் சொன்னது. அந்த உப்பு எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றுகிறது. ஆனால் அதே உப்புத் தண்ணீர் காரின் அடியில் தெறித்து, மூலை முடுக்குகளில் தங்கிவிடுகிறது. இரும்பு, தண்ணீரோடும் காற்றோடும் சேர்ந்தால் கறள் பிடிக்கும். தண்ணீரில் உப்பு இருந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். ஊர்க் கணக்கில் நான் விட்டது இதைத்தான். யாழ்ப்பாணத்து மொரிஸ் மைனர் பனிக்கால உப்பில் குளிக்கவில்லை. என் கார் ஒன்பது குளிர்காலம் குளித்திருந்தது. மேலே பூசிய நிறம் மினுங்கியது. கீழே என்ன நடந்தது என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

1997 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பனிக்கால ரயர் போடுவதற்காகக் கராஜுக்குப் போனேன். அங்கே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மெக்கானிக். காரை உயர்த்தி, கீழே விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்கை வந்து பாரும். பின் சில்லுக்குப் போற பிரேக் குழாய் முழுக்கக் கறள். பனிக்கு முன்னம் மாத்தும்."

"எவ்வளவு அண்ணை?"

"உமக்கெண்டபடியால் முந்நூறு."

"அடுத்த மாசம் வாறன் அண்ணை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பிரேக்குக்கு அடுத்த மாசம் கிடையாது தம்பி" என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

காசு ஏன் இல்லை என்று கேட்டால் அந்த நாளில் எல்லோருக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். அம்மா அப்போது கொழும்பில் அக்காவோடு இருந்தா. கண்ணில் வெண்புரை. சத்திரசிகிச்சைக்குக் காசு அனுப்பினேன். அது உண்மை. ஆனால் முழு உண்மை அல்ல. அதே மாதம் 260 டொலருக்கு ஒரு கசெற் பிளேயரும் இரண்டு ஒலிபெருக்கியும் வாங்கி அந்தக் காருக்குப் பூட்டினேன். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு அம்மாவின் கண்ணை மட்டும் சொன்னேன்.

நவம்பர் கடைசியில், காரைத் திருப்பும்போது சிவப்பு பிரேக் விளக்கு மினுங்கி அணைந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். பிரேக் திரவம் குறைந்திருந்தது. ஒரு சின்னப் போத்தல் வாங்கி ஊற்றினேன். விளக்கு அணைந்தது. இரண்டு கிழமையில் திரும்பவும் மினுங்கியது. திரும்பவும் ஊற்றினேன். பிரேக் திரவம் பெற்றோல் மாதிரி எரிந்து முடிகிற பொருள் அல்ல. பிரேக் கட்டைகள் தேயும்போது மெல்ல மெல்லக் கொஞ்சம் இறங்கும். இரண்டு கிழமையில் அவ்வளவு குறைந்தால் அது எங்கேயோ ஒழுகுகிறது என்றுதான் கருத்து. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே ஊற்றினேன். விளக்கை அணைத்துவிட்டுப் பழுதைத் திருத்திவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிசெம்பர் மாதம், கரோல் ஒத்திகை நாள். பின்னேரம் நாலரை மணி. இருட்டத் தொடங்கிவிட்டது. காரில் நான்கு பிள்ளைகள். மூன்று குடும்பத்துப் பிள்ளைகள். மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது. இளையவளுக்கு ஆறு. புதிய ஒலிபெருக்கியில் கரோல் பாட்டு. எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டு வருகிறோம். மோர்னிங்சைட் வீதி, ஹைலன்ட் கிறீக் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிற சரிவு உங்களுக்குத் தெரியும். அந்தச் சரிவில் முன்னால் போன வான் ஒன்று திடீரென்று நின்றது. நான் பிரேக்கை ஊன்றி மிதித்தேன். கால் ஒன்றிலும் தட்டாமல் அடிவரை போனது.

பென்சிலைவிட மெல்லிய அந்தக் குழாய் அந்த நேரத்தில் வெடித்துவிட்டது. மெதுவாக மிதித்த நாட்களில் அது தாங்கிக்கொண்டது. உண்மையாக அது தேவைப்பட்ட அன்று தாங்கவில்லை. பிரேக் குழாய்கள் பெரும்பாலும் அப்படித்தான் போகும்.

எங்களைக் காப்பாற்றியது என் கெட்டித்தனம் அல்ல. காரில் பிரேக் திரவம் இரண்டு தனித்தனிப் பாதைகளில் போகிறது. ஒன்று வெடித்தாலும் மற்றது கொஞ்சமாவது பிடிக்கும். யாரோ ஒரு பொறியியலாளர், என்னைப்போல ஒருவன் கார் ஓடுவான் என்று முன்கூட்டியே நினைத்திருக்கிறார். அந்தப் பாதிப் பிடியோடு இரண்டாம் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கை இழுத்து, காரை வலது பக்கம் வெட்டினேன். தெருவோரம் குவிந்திருந்த பனிக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு கார் நின்றது. நான்கு பிள்ளைகளும் பெல்ற் போட்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. எஞ்சின் நின்றுவிட்டது. கசெற் மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. கை நடுங்கியபடியால் அதை நிற்பாட்ட எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பின்னால் வந்தவர்கள் நின்று உதவினார்கள். பிள்ளைகள் வேறொரு காரில் ஒத்திகைக்குப் போனார்கள். அன்று இரவு பெற்றோர் கேட்டார்கள். "என்ன தம்பி நடந்தது?"

"சறுக்கிப் போச்சு அண்ணை. சரியான பனி" என்றேன்.

அந்தப் பொய் எவ்வளவு இலகுவாக வந்தது என்பதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. தெருவில் பனி இருந்தது. குற்றம் சுமத்துவதற்கு வசதியான ஆள். பனி திருப்பிப் பேசாது.

அடுத்த நாளே குழாயை மாற்றினேன். முந்நூறு டொலர் கடன் வாங்கித்தான். மெக்கானிக் அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. பழைய குழாயைக் கழற்றி என் கையில் தந்தார். அவ்வளவுதான். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இரண்டு கிழமை போனது. கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்து எல்லோரும் கேக் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறோம். அந்த ஆறு வயதுப் பிள்ளையின் தாய் என்னிடம் வந்து, நாலு பேருக்குக் கேட்கக்கூடியதாக, "தம்பி அவ்வளவு நிதானமாக ஓடினபடியால்தான் என்ரை பிள்ளை தப்பினது" என்று கண்கலங்கிச் சொன்னா. சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். கதவைத் திறந்துவிட்டதற்குப் பாட்டி புகழ்ந்தபோது சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டேன். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வாயில் இருந்த கேக்கை விழுங்கவும் முடியவில்லை.

அந்தக் கிழமையே மூன்று வீட்டுக்கும் போனேன். கறள் பிடித்த குழாயையும் கொண்டுபோனேன். மெக்கானிக் எச்சரித்ததையும், விளக்கு மினுங்கியதையும், கசெற் பிளேயர் வாங்கியதையும் சொன்னேன். முதல் வீட்டில் தாய் அழுதா. பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்தா. இரண்டாவது வீட்டில் நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "சொன்னது நல்லது" என்றார்கள். மூன்றாவது வீட்டில் தகப்பன் எழுந்து நின்றுவிட்டார். "நீர் உம்மடை உயிரோடை விளையாடலாம். என்ரை பிள்ளையளின்ரை உயிரோடை விளையாட ஆர் உமக்கு அனுமதி தந்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டது சரி. அந்தக் குளிர்காலம் முழுவதும் தன் பிள்ளைகளை அவர் என் காரில் அனுப்பவில்லை. அதுவும் சரிதான்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிறு, மண்டப வாகனத் தரிப்பிடத்தில் அவர் என்னிடம் வந்தார். "குழாய் மாத்தினதுக்கு பில் இருக்கோ?" என்றார். காரில் இருந்து எடுத்துக் காட்டினேன். பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, நிலத்தில் முழங்காலை ஊன்றிக் குனிந்து காரின் அடியைப் பார்த்தார். எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு, "வாற கிழமை பிள்ளையள் உம்மோடை வருவினம்" என்றார். அன்று பின்னேரம் நான் ஒரு சின்னக் கொப்பி வாங்கினேன்.

அந்தக் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கோடு. திகதி, ஓடிய கிலோமீற்றர், செய்த வேலை, செலவு. கடைசிப் பக்கத்தில் இன்னும் ஒரு பட்டியல்: தெரிந்தும் இன்னும் திருத்தாத பழுதுகள். கொப்பி காரின் முன்தட்டில் இருக்கும். என் காரில் பிள்ளையை ஏற்றுகிற எவரும் அதை எடுத்துப் பார்க்கலாம். கடைசிப் பட்டியலில் முதலாவதாக எழுதியது பின்கதவு. அந்தப் பட்டியலில் நிற்பாட்டுவது, திருப்புவது, பார்ப்பது என்ற மூன்றும் வரக்கூடாது என்று முடிவு செய்தேன். பிரேக், ஸ்ரியரிங், ரயர், விளக்கு, கண்ணாடி துடைப்பான் ஆகியவற்றில் பழுது என்றால் கார் அன்றைக்கு ஓடாது. சூடாக்கி, கதவு, பாட்டு எல்லாம் காத்திருக்கலாம். அடுத்த வருடம் மற்றக் கார்க்காரரும் கொப்பி வைத்தார்கள். யாரும் கட்டளை போடவில்லை. கோபித்த அந்தத் தகப்பன்தான் எல்லோருக்கும் கொப்பி வாங்கிக் கொடுத்தார்.

அதன்பிறகு அந்தக் கார் மூன்று வருடம் ஓடியது. எஞ்சினின் ரைமிங் பெல்ற் அறுமுன்பே மாற்றினேன். 1999 இல் ஒன்ராறியோ அரசு இங்கே புகைப் பரிசோதனையைக் கொண்டுவந்தபோது என் கார் முதல் முறை தோற்றது. காபரேற்றரைத் திருத்தி இரண்டாம் முறை தேறியது. அன்று சான்றிதழை என் மகளின் பாடசாலைப் பரிசு மாதிரி வீட்டில் காட்டினேன்.

2001 வசந்தத்தில் மெக்கானிக் அண்ணை காரை உயர்த்தி, ஒரு ஸ்குறூ டிறைவரை எடுத்து அடிச்சட்டத்தில் அழுத்தினார். அது பிஸ்கற்றுக்குள் போவதுபோல உள்ளே போனது. "தம்பி, இனி இதைத் திருத்த நான் காசு வாங்க மாட்டன்" என்றார். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடுவதால் கார் பாதுகாப்பு என்று ஆகாது. இந்தமுறை நான் "அடுத்த மாசம்" என்று சொல்லவில்லை. இலக்கத் தகட்டைக் கழற்றினேன். கொப்பியை எடுத்தேன். பழைய இரும்புக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். என் மகள் அழுதாள். நான் அழவில்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்.

இன்று இங்கே இருக்கும் இளைஞர்களில் சிலர் முதல் கார் வாங்கப்போகிறீர்கள். பழைய காராகத்தான் இருக்கும். அதில் ஒரு வெட்கமும் இல்லை. வாங்குமுன், விற்பவருக்குத் தெரிந்தவர் அல்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் உயர்த்திக் காட்டுங்கள். நீங்களும் அடியில் நின்று பாருங்கள். மாத வருமானத்தில் ஒரு சின்னத் தொகையைக் காரின் பெயரில் ஒதுக்கி வையுங்கள். பனி முடிந்ததும் காரின் அடியைக் கழுவுங்கள். நான் சிக்கனக்காரன் என்றுதான் அந்த நாளில் என்னை நினைத்தேன். பழையதைத் திருத்தி ஓடுவது சிக்கனம். தெரிந்த பழுதைத் தள்ளிப்போடுவது சிக்கனம் அல்ல. அது மற்றவர்களின் பிள்ளைகளிடம் கேட்காமல் வாங்கிய கடன். அன்று அந்தக் கடனை நான் கட்டாமலே தப்பினேன். அதற்காகத்தான் நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

அந்த நான்கு பிள்ளைகளும் இன்று பெரியவர்கள். அன்று ஆறு வயதாக இருந்தவள், இப்போது தன் பிள்ளைகளோடு பின்வரிசையில் இருக்கிறாள். போன மாதம் அவள் என்னை ஒரு ஞாயிறு வீட்டிலிருந்து ஏற்றி வந்தாள். எனக்கு இரவில் கண் தெரிவது குறைந்துவிட்டது. காரில் ஏறியதும் முன்தட்டைத் திறந்து பார்த்தேன்.

"என்ன மாமா தேடுறீங்கள்?"

"கொப்பி."

அவள் சிரித்துக்கொண்டு தன் கைத்தொலைபேசியை எடுத்துத் தந்தாள். அதில் நான்கு கோடு இருந்தது. கடைசியில் திருத்தாத பழுதுகளின் பட்டியலும் இருந்தது. ஒரே ஒரு வரிதான். "பின்கதவுக் கண்ணாடி மெதுவாக ஏறுகிறது." நான் பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, "சரி பிள்ளை, போவம்" என்றேன்.